ரக்பி வீரரின் தலைக்குள்

2025 ஜூன் 29 அன்று மும்பை அந்தேரியில் சென்னைக்கு ஒரு கோப்பை கிடைத்தது. இறுதி ஆட்டத்தில் டெல்லி அணி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை, முடிவு 41–0. கிரிக்கெட்டில் இப்படி நடந்திருந்தால் மறுநாள் காலை பூந்தமல்லி பேருந்து நிலையத்து டீக்கடைகளில் வேறு பேச்சே இருந்திருக்காது. ஆனால் இது ரக்பி. இந்தியாவில் அந்த ஆண்டுதான் தொடங்கிய ரக்பி பிரீமியர் லீக்கில், ஆறு அணிகளுக்கு இடையே முதல் பட்டத்தை வென்றது சென்னை புல்ஸ். ரக்பி இந்தியா அமைப்பின் தலைவர் ராகுல் போஸ், 'விஸ்வரூபம்' படத்தில் உமராக வந்தாரே, அவர்தான். 1998இல் இந்தியா முதன்முதலாகச் சர்வதேச ரக்பியில் இறங்கியபோது அணியில் ஆடியவர் அவர்.

நான் குடியிருப்பது சென்னீர்குப்பத்தில். பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் வழியில் இருக்கும் இந்தப் பக்கமெல்லாம் கபடி மண். உடம்பை உடம்பால் மறித்து மடக்கும் ஆட்டத்தில் வளர்ந்த பையன்கள் இங்கே நிறைய. இந்தியாவில் ரக்பிக்குப் போனவர்களில் பலரும் கபடியிலிருந்தும் ஓட்டப்பந்தயத்திலிருந்தும் போனவர்கள்தான். சென்னை என்ற பெயரில் ஓர் அணியும் அதற்குச் சம்பளமும் வந்துவிட்ட பிறகு, இந்தப் பையன்களில் யாராவது ஒருவன் அந்தப் பக்கம் திரும்புவது நடக்காத காரியம் இல்லை. அவன் போகட்டும், போகவேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் மோதலைப் பிழைப்பாகக் கொண்ட உடம்புக்கு என்ன ஆகிறது, முக்கியமாக மண்டைக்குள் என்ன ஆகிறது என்று கடந்த இருபது ஆண்டுகளில் அறிவியல் கண்டுபிடித்திருப்பது, பணத்துக்கு முன்னால் இங்கே வந்து சேரவேண்டும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ரக்பி யூனியன் என்பது பக்கத்துக்குப் பதினைந்து பேர், 80 நிமிடம் ஆடுவது. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி எதிராளியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்தால் ஐந்து புள்ளி. பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கடத்தலாம். ஆகவே முன்னேற வேண்டுமானால் யாராவது ஒருவர் பந்தை அணைத்துக்கொண்டு எதிரே நிற்கும் ஆளை நோக்கி ஓடித்தான் ஆகவேண்டும். மோதல் இந்த ஆட்டத்தில் எப்போதாவது நேரும் விபத்து அன்று, விதியிலிருந்தே பிறப்பது. ஒலிம்பிக்கில் இருப்பதும் மும்பையில் நடந்ததும் ஏழு பேர் ஆடும் சுருக்கமான வடிவம். நேரம் குறைவு, ஆள் குறைவு, வெற்றிடம் அதிகம், வேகமும் அதிகம். ஆடிய நேரத்தைக் கொண்டு கணக்கிட்டால் அதிலும் காயம் குறைவில்லை.

சம்பளம் வாங்கி ஆடுவது இந்த ஆட்டத்துக்குப் புதிது. வேலையை விட்டுவிட்டு ஆட வரும் தொழிலாளிக்கு அன்றைய கூலியையாவது கொடுக்கலாமா என்ற சண்டையில்தான் 1895இல் வட இங்கிலாந்துக் கழகங்கள் பிரிந்து போய் ரக்பி லீக் என்ற தனி ஆட்டத்தை உண்டாக்கின. யூனியன் பிடிவாதமாக நூறு ஆண்டுகள் பணத்தைத் தொடாமல் இருந்தது. 1995 ஆகஸ்ட் 26 அன்று பாரிஸ் கூட்டத்தில் அந்தத் தடை விலகியது. மருத்துவரும் போலீஸ்காரரும் விவசாயியும் வார இறுதியில் ஆடிய ஆட்டம், முழுநேரமும் உடம்பை வளர்ப்பதற்கென்றே கூலி வாங்குகிறவர்களின் ஆட்டமாக மாறியது.

உடம்பு வளர்ந்தது. ஐரோப்பிய நாடுகளின் தொடரில் ஆடிய சர்வதேச வீரர்களின் எடையை ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1955இல் சராசரி 84.8 கிலோ. 2015இல் 105.4 கிலோ. அறுபது ஆண்டில் ஆளுக்கு இருபது கிலோ கூடியிருக்கிறது. 1995 உலகக் கோப்பையில் நியூசிலாந்தின் ஜோனா லோமு 120 கிலோவை நெருங்கிய உடம்போடு ஓரத்தில் ஓடி, அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக நான்கு முறை கோட்டைக் கடந்தபோது உலகம் வாயைப் பிளந்தது. அப்போது அவர் ஓர் அதிசயம். அந்த எடையுள்ளவர்கள் இன்று ஒவ்வொரு அணியிலும் இருக்கிறார்கள். (லோமுவைச் சாய்த்தது ரக்பி அன்று, சிறுநீரக நோய். 2004இல் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. 2015இல், நாற்பது வயதில் இறந்தார்.)

எடை கூடியதன் பொருளை இயற்பியல் சொல்லும். 105 கிலோ எடையுள்ளவர் நொடிக்கு ஏழு மீட்டர் வேகத்தில் ஓடிவந்தால் அவரிடம் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2,570 ஜூல். 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றை ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் தரையைத் தொடும்போது அதனிடம் இருக்கும் ஆற்றலும் கிட்டத்தட்ட இதேதான். எதிரே வருபவரும் அதேபோல் ஓடிவந்தால் இரண்டு மடங்கு. இந்த ஆற்றல் முழுதும் அரை நொடிக்குள் எங்கேயாவது போய்ச் சேரவேண்டும். தசை கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், விலா எலும்பு கொஞ்சம் வளையும், இருவரும் புரண்டு விழுவதில் கொஞ்சம் போகும். மீதி, தலையைக் கழுத்தின் மேல் சுழற்றும்.

ஸ்க்ரம் என்று ஒரு காட்சி உண்டு. பக்கத்துக்கு எட்டுப் பேர் தோளோடு தோள் பின்னிக் குனிந்து, எதிர்ப்பக்கத்து எட்டுப் பேரை முட்டித் தள்ளுவார்கள். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயிற்சி எந்திரத்தில் விசைமானிகளைப் பொருத்தி அளந்தபோது, சர்வதேச அணியொன்று முட்டும் முதல் கணத்தில் 16.5 கிலோநியூட்டன் வரை விசை பதிவானது. ஏறக்குறைய 1,700 கிலோ எடைக்குச் சமம். இதைத் தாங்குவது முன்வரிசையில் நிற்கும் மூன்று பேரின் கழுத்தும் தோளும். இந்த அளவீட்டுக்குப் பிறகு 2013இல் விதி மாறியது. தூரத்திலிருந்து பாய்ந்து முட்டாமல், முதலில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அப்புறம் தள்ளவேண்டும். அதனால் முதல் கணத்து விசை சுமார் கால் பங்கு குறைந்தது. அளந்து பார்த்ததால் ஒரு விளையாட்டு விதி மாறி, மனிதக் கழுத்துகள் காப்பாற்றப்பட்டன. அறிவியல் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் இதை நான் உயர்வாகவே வைப்பேன்.

காயத்தின் கணக்கு ஒன்றையும் சொல்லிவிடலாம். தொழில்முறை ஆட்டங்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி 2013இல் வெளியான கணக்கு இது. ஆயிரம் ஆட்ட மணி நேரத்துக்கு 81 காயங்கள். பதினைந்து பேர் 80 நிமிடம் ஆடினால் அது இருபது ஆட்ட மணி நேரம். அதாவது ஒவ்வொரு போட்டியிலும் ஓர் அணியில் ஒன்று அல்லது இரண்டு பேர், அடுத்த பயிற்சிக்கோ போட்டிக்கோ வரமுடியாத அளவுக்கு அடிபடுகிறார்கள். தோள் இறங்குவது, முழங்கால் தசைநார் கிழிவது, தொடைத்தசை கிழிவது எல்லாம் இதில் அடங்கும். இவை வலிக்கும், வீங்கும், ஸ்கேனில் தெரியும், பெரும்பாலும் ஆறும். முப்பதைத் தாண்டிச் சில ஆண்டுகளுக்குள் ஒரு ரக்பி வீரர் ஓய்வு பெறுவது இந்தக் காயங்கள் சேர்ந்து சேர்ந்துதான். பிறகு நாற்பதில் மாடிப்படி ஏறும்போது முழங்கால் பேசும். இது அவர்கள் தெரிந்தே ஏற்றுக்கொண்ட விலை.

வாரம் முழுக்க அவர்கள் வாழ்வது ஒரு கட்டுப்பாடான, கொஞ்சம் சலிப்பான வாழ்க்கை. சனிக்கிழமை ஆட்டம் என்றால் ஞாயிறு நீச்சல் குளத்தில் உடம்பைத் தளர்த்துவது, திங்கள் காணொளி பார்த்துத் தவறுகளை எண்ணுவது, செவ்வாயும் வியாழனும் கடும் பயிற்சி, நடுவில் எடை தூக்குவது. சாப்பாடு நாளொன்றுக்கு 3,500 கலோரிக்கு மேல். உடல் எடையில் கிலோவுக்கு இரண்டு கிராம் அளவுக்குப் புரதம் என்றால் 105 கிலோ ஆளுக்கு 210 கிராம். முட்டையிலேயே எடுப்பதானால் முப்பதைத் தாண்டும். நம் ஊர்ச் சோறு சாம்பாரில் இது கூடிவராது. இந்தியாவில் இந்த ஆட்டத்துக்கு வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்; அவர்களுடைய முதல் தடை மைதானம் அன்று, தட்டு. புவனேசுவரத்தில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான கலிங்கா நிறுவனம் தங்குமிடமும் உணவும் கொடுத்துப் படிக்கவைத்தது. அங்கிருந்து வந்தவர் சுமித்ரா நாயக். 2019 ஜூனில் மணிலாவில் சிங்கப்பூரை 21–19 என்று இந்தியப் பெண்கள் வென்றார்கள். பதினைந்து பேர் ஆட்டத்தில் இந்தியப் பெண்களின் முதல் சர்வதேச வெற்றி அது. கடைசி நேரத்தில் பந்தை உதைத்து வெற்றிப் புள்ளிகளைத் தந்தவர் சுமித்ராதான். சோறு போட்டால் என்ன விளையும் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவையில்லை.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் சென்னையில் ரக்பியைப் பற்றிப் பேசமுடியாது. இந்தியாவில் ரக்பி வேரூன்றாமல் போனதற்கே வெயில் ஒரு காரணம். 1872 கிறிஸ்துமஸ் நாளில் கல்கத்தாவில் பிரிட்டிஷ்காரர்கள் முதல் ஆட்டம் ஆடினார்கள். அடுத்த மாதமே கழகம் தொடங்கினார்கள். நான்கைந்து ஆண்டில் ஆள் குறைந்தது. அங்கிருந்த ராணுவ ரெஜிமென்ட் இடம் மாறியது, இருந்தவர்களும் அந்தத் தட்பவெப்பத்துக்கு ஒத்துவருகிற டென்னிஸுக்கும் போலோவுக்கும் போனார்கள். கழகத்தை மூடியவர்கள் வங்கியில் மீதமிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, 270 நாணயங்களை உருக்கி ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். மூன்று நாகங்களைக் கைப்பிடியாகவும் ஒரு யானையை மூடியிலும் கொண்ட அந்தக் கோப்பைக்காகத்தான் 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதுகின்றன. மெட்ராஸ் ஜிம்கானா போன்ற கழகங்கள் இருந்ததால் நம் ஊரில் ஆட்டம் அறவே நின்றுபோகவில்லை, அவ்வளவுதான்.

அந்த வெயில் உடம்பில் என்ன செய்கிறது? தசை எரிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவுதான் ஓட்டமாகிறது, மீதி வெப்பம். வேகமாக ஓடும் பெரிய ஆளின் உடம்பு 800 வாட் வெப்பத்தைச் சுலபமாக உண்டாக்கும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் 24 லட்சம் ஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். கணக்குப் போட்டால் மணிக்கு ஒன்றேகால் லிட்டர் வியர்வை ஆவியாகவேண்டும். ஆவியாகவேண்டும் என்பதுதான் இங்கே சிக்கல். கடற்காற்றின் ஈரம் நிறைந்த சென்னை மாலையில் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது; சொட்டுகிற வியர்வை குளிர்விப்பதில்லை. உடம்பு பெரிதாகும்போது இது இன்னும் மோசம். 65 கிலோ கபடி வீரருக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 270 சதுர சென்டிமீட்டர் தோல் இருக்கும். 105 கிலோ ரக்பி வீரருக்கு 220தான். வெப்பத்தை உண்டாக்கும் தசை கூடியிருக்கிறது, வெளியேற்றும் பரப்பு அந்த அளவுக்குக் கூடவில்லை. பத்துப் பதினான்கு நாள் வெயிலில் படிப்படியாகப் பயிற்சி செய்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, வியர்வை சீக்கிரம் தொடங்கி, உப்பு இழப்பும் குறையும். இது எந்த உடம்புக்கும் வாய்க்கும் பழக்கம். வெயிலைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. களைத்தவர் குனிவதில்லை. நிமிர்ந்தபடியே எதிராளியைப் பிடிக்கப் போவார். நிமிர்ந்து பிடிக்கிறவரின் தலையும் பந்தோடு வருகிறவரின் தலையும் ஒரே உயரத்தில் இருக்கும்.

ஸ்டீவ் தாம்சன் இங்கிலாந்தின் முன்வரிசையில் நடுவில் நின்ற ஹூக்கர். 2003 நவம்பர் 22 அன்று சிட்னியில் ஆஸ்திரேலியாவை 20–17 என்று வென்று உலகக் கோப்பையைத் தூக்கிய அணியில் இருந்தவர். இங்கிலாந்துக்காக 73 ஆட்டங்கள். 2020இல், 42 வயதில், அவருக்கு இளவயது மறதி நோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அந்த இறுதி ஆட்டத்தின் காணொளியைப் பார்க்கும்போது அதில் ஆடுகிறவர் தான்தான் என்று தெரிகிறது, ஆடியது மட்டும் நினைவில் இல்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். போட்டிகளைவிடப் பயிற்சிக்களத்தில் நாள்தோறும் ஸ்க்ரம்மில் முட்டி முட்டி வாங்கிய அடிகளைத்தான் அவர் பெரிதாகச் சொல்கிறார். இறந்த பிறகு தன் மூளையை ஆய்வுக்குக் கொடுப்பதாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவரைப் போல நூற்றுக்கணக்கான முன்னாள் வீரர்கள் ஆட்ட அமைப்புகள் மீது வழக்குத் தொடுத்திருக்கிறார்கள்.

மண்டை ஓடு உடையாதபோது மூளைக்கு எப்படி அடிபடுகிறது? இரண்டாம் உலகப் போரின்போது ஆக்ஸ்ஃபோர்டில் ஹோல்பர்ன் என்ற இயற்பியலாளர் இதை எடுத்துக்கொண்டார். ஜெலட்டினால் மூளை வடிவம் செய்து, அதை மண்டை ஓட்டு வடிவத்துக்குள் வைத்துச் சுழற்றிப் பார்த்து, 1943இல் அவர் வெளியிட்ட முடிவு இன்றும் நிற்கிறது. திரவத்தைப் போலவே மூளையையும் அமுக்கிச் சுருக்க முடியாது; ஆனால் ஒரு பகுதி நகர இன்னொரு பகுதி பின்தங்கினால் அது சுலபமாகப் பிசகும். நேராக வரும் அடியைவிடத் தலையைச் சட்டென்று திருப்பும் அடி ஆபத்தானது அதனால்தான். நெற்றியில் காயமே இல்லாமல், தோளில் வாங்கிய மோதலில் தலை வெடுக்கென்று திரும்பினாலே போதும். பஞ்சுத் தொப்பி காதையும் தோலையும் காக்கும். உள்ளே நடக்கும் சுழற்சியை அது நிறுத்தாது.

ஆக்சான் எனப்படும் நரம்பிழை மெதுவாக இழுத்தால் நீளும், வெடுக்கென்று இழுத்தால் விறைத்துக்கொள்ளும். உள்ளே அதைத் தாங்கும் நுண்குழாய்கள் அப்போது முறிகின்றன. சவ்வு கசிந்து பொட்டாசியம் வெளியே போகிறது, கால்சியம் உள்ளே நுழைகிறது. இந்தக் குளறுபடியைச் சரிசெய்ய மூளை ஏராளமான குளுக்கோஸைக் கேட்கும். அதே நேரம் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். வேண்டிய ஆற்றலுக்கும் கிடைக்கிற ஆற்றலுக்கும் இடையில் பற்றாக்குறை வருகிறது. தலைசுற்றல், மங்கல், எரிச்சல், வெளிச்சம் பொறுக்காமை, பேச்சில் தடுமாற்றம் இவற்றை நாம் மூளை அதிர்ச்சி என்கிறோம். இதில் மயங்கி விழுகிறவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. மற்றவர்கள் எழுந்து நிற்பார்கள், ஆடுவார்கள். ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பற்றாக்குறை தீரும் முன் இன்னோர் அடி விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் மைதானத்து மருத்துவரின் பயம்.

நுண்குழாய்களைக் கட்டி வைத்திருக்கும் புரதத்தின் பெயர் டௌ. அடிபட்டால் அது கழன்று, உருமாறி, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிறது. ஆண்டுக்கணக்கில் அடி வாங்கிய மூளைகளில் இந்தக் கட்டிகள் மடிப்புகளின் ஆழத்தில், சிறு ரத்தக்குழாய்களைச் சுற்றிச் சேர்ந்திருப்பதைப் பார்க்கிறார்கள். குத்துச்சண்டைக்காரர்களிடம் தடுமாற்றமும் மறதியும் வருவதை மார்ட்லாண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928இலேயே எழுதியிருந்தார். 2005இல் பென்னட் ஒமாலு என்ற மருத்துவர் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஒருவரின் மூளையில் இதே சிதைவைக் காட்டினார். சி.டி.இ. என்று அழைக்கப்படும் இந்த நோயை உயிரோடிருப்பவரிடம் உறுதிசெய்ய இன்னும் வழி இல்லை. இறந்த பின் மூளையைச் சீவிப் பார்த்தால்தான் தெரியும்.

ரக்பிக்கு வருவோம். ஸ்காட்லாந்துக்காக ஆடிய 412 முன்னாள் ஆண் வீரர்களை, அதே வயதும் சூழலும் கொண்ட 1,236 பொதுமக்களோடு கிளாஸ்கோ ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2022இல் வெளியிட்டார்கள். மூளை, நரம்புச் சிதைவு நோய்கள் வீரர்களில் 11.4 விழுக்காட்டினருக்கு வந்திருந்தன, மற்றவர்களில் 5.4. மறதி நோயின் ஆபத்து இரண்டு மடங்குக்குச் சற்று மேல். இயக்க நரம்பணு நோயின் ஆபத்து பதினைந்து மடங்கு. இந்த நோய் அபூர்வமானது என்பதால் பதினைந்து மடங்கானாலும் எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் ஸ்காட்லாந்தின் உயரமான வீரர் டோடி வியர் இதே நோயால் 2022 நவம்பரில், 52 வயதில் இறந்தார் என்பதை அந்த ஊர்க்காரர்கள் எண்ணிக்கையாகப் பார்க்கவில்லை. முன்வரிசையில் முட்டியவருக்கும் ஓரத்தில் ஓடியவருக்கும் ஆபத்தில் வித்தியாசம் காணப்படவில்லை. இந்த ஆய்வில் என்னை மிகவும் கலங்கவைப்பது வேறொன்று. இவர்களில் பெரும்பாலோர் பணம் வாங்காமல் வார இறுதியில் ஆடிய தலைமுறை. 105 கிலோ தலைமுறைக்கு இன்னும் அந்த வயது வரவில்லை.

அடுத்த ஆண்டு இன்னோர் ஆய்வு. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் மூளை வங்கிகளுக்கு வந்த 31 ரக்பி வீரர்களின் மூளைகளைப் பார்த்தார்கள். 21இல் சி.டி.இ. இருந்தது. தானமாக வந்த மூளைகள் என்பதால் ஏற்கெனவே பாதிப்பு இருந்தவர்களே அதில் அதிகம் இருப்பார்கள். அந்த 68 விழுக்காட்டை எல்லா வீரர்களுக்கும் பொருத்தக் கூடாது. ஆனால் அதற்குள்ளேயே ஓர் ஒழுங்கு தெரிந்தது. ஆடிய ஆண்டு ஒவ்வொன்றுக்கும் நோய்க்கான வாய்ப்பு சுமார் 14 விழுக்காடு கூடுகிறது. எத்தனை முறை மயங்கி விழுந்தார் என்பதைவிட, எத்தனை ஆண்டு ஆடினார் என்பது முக்கியம். அறிகுறியே காட்டாத சின்னச் சின்ன அதிர்வுகள் சேர்ந்துகொண்டே போகின்றன.

இதைப் புரிந்துகொண்டபின் ஆட்டம் மாறத் தொடங்கியது. முன்பு தலையில் அடிபட்டவர் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு திரும்ப ஓடுவார். இன்று சந்தேகம் வந்தாலே 12 நிமிடம் வெளியே கூட்டிப்போய் நினைவு, சமநிலை, பேச்சு எல்லாம் சோதிக்கிறார்கள். அதுவரை மாற்று வீரர் ஆடுவார். வாயில் கடித்துக்கொள்ளும் பல்காப்புக்குள் முடுக்கமானியும் சுழல்மானியும் வைத்து, தலை எவ்வளவு வேகமாகத் திரும்பியது என்பதை ஓரத்தில் நிற்கும் மருத்துவருக்கு உடனே அனுப்புகிறார்கள். 2024 தொடக்கத்திலிருந்து முன்னணிப் போட்டிகளில் இந்த அளவு எல்லை தாண்டினாலே சோதனைக்கு அழைப்பு வரும், வீரருக்கு ஒன்றும் தோன்றாவிட்டாலும். முழு மோதல் பயிற்சியை வாரத்துக்கு 15 நிமிடத்துக்குள் வைக்கவேண்டும் என்று 2021இல் உலக ரக்பி அமைப்பு வழிகாட்டியது. தாம்சன் காலத்தில் இப்படி ஒன்றை யாரும் யோசித்திருக்கமாட்டார்கள். இங்கிலாந்தில் ஊர்க் கழக ஆட்டங்களில் 2023 முதல் மார்பெலும்பின் அடிப்பக்கத்துக்குக் கீழேதான் பிடிக்கவேண்டும். பிரான்ஸில் அதற்கு முன்பே இடுப்புக்குக் கீழே. மூளை அதிர்ச்சிச் சோதனைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பிடிக்கப்போய்த்தான் அடிபடுகிறார்கள், அவர்களிலும் பிடிபட்டவரைவிடப் பிடித்தவரே அதிகம் என்று காணொளி ஆய்வுகள் காட்டிய பிறகு வந்த விதிகள் இவை.

பிடி என்றதும் நம் ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். கபடியில் கணுக்கால் பிடி, தொடைப் பிடி, இடுப்புப் பிடி எல்லாமே தாழ்வானவை. எதிராளியின் கண்ணைப் பார்க்காமல் இடுப்பைப் பார்க்கவேண்டும், காலை ஊன்றிக் குனிந்து போகவேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லிச் சொல்லி வளர்த்த உடம்பு அது. ரக்பி இப்போது விதி போட்டுக் கொண்டுவர முயல்கிற உயரத்தில் கபடிக்காரன் பிறந்ததிலிருந்தே நிற்கிறான். களமும் சிறியது, முப்பது மீட்டர் ஓடிவந்து மோத அங்கே இடம் இல்லை. ஆனால் கணுக்காலுக்குப் பாய்கிறவனின் முகத்தில் பாடி வருகிறவனின் முழங்கால் இடிப்பதும், சங்கிலியாய் நான்கு பேர் மேலே விழும்போது தலை மண்ணில் அடிப்பதும் உண்டு. விளக்கு வெளிச்சத்தில் இரவெல்லாம் நடக்கும் ஊர்ப் போட்டியில் அப்படி அடிபட்ட பையன் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கு இறங்குவதுதான் வழக்கம். அதை வீரம் என்று கைதட்டுகிறோம். இந்தக் கைதட்டலை நிறுத்தவேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

எளிய காரியங்களே நிறையப் பலன் தருகின்றன. இங்கிலாந்துப் பள்ளி மாணவர்களிடம் ஒரு பயிற்சித் தொகுப்பைச் சோதித்தார்கள்: ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம் சமநிலை, கால் வலு, தாண்டி இறங்குதல், கழுத்துத் தசைக்கான பயிற்சி. வாரம் மூன்று முறை அதைச் செய்த அணிகளில் மூளை அதிர்ச்சி 59 விழுக்காடு குறைவாக இருந்தது. எந்திரம் வேண்டாம், பணம் வேண்டாம். ஒரு துண்டும் இணையாக ஒரு நண்பனும் போதும், கழுத்தை நான்கு பக்கமும் தள்ளிப் பழக. கபடிப் பையன்களுக்கும் இது பொருந்தாமல் போகக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. தலையில் அடிபட்டவனுக்குச் சோதனை இவ்வளவுதான்: இன்று எந்த ஊர் அணியோடு ஆடுகிறோம், கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா. பதிலில் தயக்கம் இருந்தால் அன்றைக்கு அவன் ஆட்டம் முடிந்தது. ஆனால் பதில் சரியாக வந்துவிட்டது என்பதற்காக உள்ளே அனுப்பிவிடக் கூடாது. சந்தேகம் ஒன்றே போதும், வெளியே உட்காரவைக்க. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாத நிலை, ஒரு கண்ணின் பாவை பெரிதாக இருப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை.

மோதலை எந்த வயதில் தொடங்குவது என்பது அடுத்த கேள்வி. இலங்கையில் பள்ளி ரக்பி பெரும் திருவிழா. கண்டி டிரினிட்டிக் கல்லூரியும் கொழும்பு ராயல் கல்லூரியும் 1945 முதல் பிராட்பி கேடயத்துக்காக மோதுவதைப் பார்க்கப் பல்லாயிரம் பேர் கூடுவார்கள். பதினெட்டு வயதுக்குள் பல ஆண்டு மோதலை முடித்துவிட்ட பையன்கள் அவர்கள். நம்மிடம் அந்த மரபு இல்லாததை ஒரு குறையாகவே பேசிவருகிறோம். ஆனால் 14 விழுக்காடு என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், எட்டு வயதில் முழு மோதலைத் தொடங்குகிறவனுக்கும் பதினான்கில் தொடங்குகிறவனுக்கும் இடையில் ஆறு ஆண்டு. 1.14ஐ ஆறு முறை பெருக்கினால் 2.2 மடங்கு வருகிறது. இடுப்பில் செருகிய துணியைப் பிடுங்கினால் பிடித்ததாகக் கணக்கு வைக்கும் ரக்பியை அந்த ஆறு ஆண்டும் ஆடலாம். ஓட்டம், திசைமாற்றம், பந்தைப் பின்னால் கடத்துவது, இடைவெளியைக் கண்டு நுழைவது எல்லாம் அதில் வந்துவிடும். அதற்கு வேண்டியது ஒரு பந்து, ஆளுக்கு இரண்டு துணிப்பட்டை, கல் பொறுக்கிய ஒரு மைதானம்.